வீட்டுத் தோட்டம்: உறைபனிக்கு முன் ஒரு யோசனை

 

நுவரெலியாவில் வாழும் உங்களுக்கு ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் கவலை தருபவை. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள அவ்வூரில், மேகமில்லாமல் காற்றும் அடங்கிய இரவுகளில் தரையில் உறைபனி படியும். மறுநாள் வெயில் பட்டதும் இலைகள் கருகிவிடும். பொலித்தீன் கூடாரம் அடித்து எல்லாப் பூச்சாடிகளையும் அதற்குள் வைக்கலாமா என்று பலர் யோசிக்கிறீர்கள். பணத்தைச் செலவிடுமுன் சற்றுச் சிந்தியுங்கள்.

சூடாக்கும் வசதியில்லாத கூடாரம் பகலில் சேர்க்கும் வெப்பம், சாதாரண பொலித்தீன் வழியாக இரவில் வெளியேறிவிடும். விடியும் வேளையில் உள்ளுக்கும் வெளிக்கும் பெரும்பாலும் ஓரிரு பாகைதான் வித்தியாசம். ஆகவே செடியைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஜெரேனியம், பியூசியா போன்றவை ஓரளவு குளிர் தாங்கும். இவற்றுக்குக் கூடாரம் போதும். மண் உலர்ந்த பின், காலையில் மட்டும் அளவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் தேங்கினால் வேர் அழுகும், பூஞ்சணம் பிடிக்கும்.

அந்தூரியம், குரோட்டன், டென்ட்ரோபியம் ஓர்க்கிட் ஆகியவை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனாலே வாடத் தொடங்கும். கூடாரத்தை நம்பி அவற்றை விடாதீர்கள். வீட்டினுள் வெளிச்சமான இடத்தில் வையுங்கள்.

சந்தேகமிருந்தால் கூடாரத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். சுபஹுத் தொழுகை முடிந்து, சூரியன் உதிக்கும் வேளையில் பாருங்கள். குளிர் மிகக் கடுமையாக இருப்பது அப்போதுதான். ஒரு வாரக் கணக்கே உங்களுக்கு முடிவைச் சொல்லிவிடும்.

வெயில் ஏறியதும் வாயிலைத் திறந்து காற்று விடுங்கள். அஸருக்குப் பின் மூடுங்கள். தண்ணீர் நிரப்பிய பீப்பாக்கள் உள்ளே இருந்தால் பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும். கடுங்குளிர் இரவுகளில் சாடிகள் மேல் சாக்கைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். மூடிய கூடாரத்தில் கரிச்சட்டியோ மண்ணெண்ணெய் அடுப்போ வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உள்ளே போகும் உங்கள் உயிருக்கோ பிள்ளையின் உயிருக்கோ அது உலை வைத்துவிடும். எந்தப் பூவும் அதற்கு ஈடாகாது.

அருமையான ஜெரேனியமோ பியூசியாவோ இருந்தால், பனிக்கு முன்பே ஒரு தண்டை வெட்டி வேறு சாடியில் நட்டு வீட்டினுள் வையுங்கள். தாய்ச்செடி போனாலும் இனம் மிஞ்சும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றவர்கள் அல்லவா நாம்! செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, மீதியை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம்.