தங்கப் பத்திரம் நின்றது. ஓய்வுக்காலச் சேமிப்பு மீண்டும் உலோகத்தை நாடுகிறது

புது தில்லி: பணி ஓய்வின்போது கைக்கு வரும் வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதியைத் தங்கமாக மாற்றி வைப்பது இந்தியக் குடும்பங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அந்தச் சேமிப்பை உலோகத்திலிருந்து பத்திரங்களுக்குத் திருப்ப மத்திய அரசு 2015-இல் தொடங்கிய முயற்சி, ஏறத்தாழக் கைவிடப்பட்டுவிட்டது. இது இறக்குமதிக் கணக்கோடு நின்றுவிடும் விஷயம் அல்ல. போதிய ஓய்வூதியம் இல்லாத தனியார் துறை ஊழியர்களின் முதுமைக்காலப் பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது.

அரசுக்குச் சுமையான பத்திரம்

2012-13-இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதத்தை எட்டியது. தங்க இறக்குமதி அதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. 2013-இல் சுங்க வரி 10 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2015 நவம்பரில் தங்கப் பத்திரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தங்கத்தின் விலை உயர்வோடு ஆண்டுக்கு 2.75 சதவீத வட்டியும் (பின்னர் 2.5 சதவீதம்) முதலீட்டாளருக்குக் கிடைத்தது. செய்கூலி, சேதாரம், பெட்டக வாடகை எதுவும் இல்லை.

முதல் தொகுதிப் பத்திரம் கிராமுக்கு ரூ.2,684 என்ற விலையில் விற்கப்பட்டது. 2023 நவம்பரில் அது ரூ.6,132-க்கு முதிர்வடைந்தது. முதலீட்டாளருக்கு லாபமான இந்த வேறுபாடு அரசுக்குக் கடன் சுமையானது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு வந்த இரண்டு நிதியாண்டுகளிலும் புதிய பத்திரம் வெளியிடப்படவில்லை. இவ்வகைக் கடன் செலவு மிகுந்தது என 2025 பட்ஜெட்டின்போது நிதியமைச்சக அதிகாரிகள் தெரிவித்தனர். அதே ஆண்டு மார்ச்சில், வீட்டுத் தங்கத்தை வங்கியில் வைத்து வட்டி பெறும் திட்டத்தின் நடுத்தர, நீண்டகால வைப்புகளும் நிறுத்தப்பட்டன.

மறைந்திருக்கும் செலவு

எஞ்சியிருப்பவை தங்க இடிஎஃப்களும் உலோகத் தங்கமும்தான். பங்குச் சந்தைக் கணக்கு இல்லாத முதியவர் நகைக்கடைக்கே செல்கிறார். ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள நாணயத்துக்கு 3 சதவீத சரக்கு, சேவை வரியாக ரூ.3,000 செலுத்துகிறார், விற்கும்போது அது திரும்புவதில்லை. நகையாக வாங்கினால் செய்கூலியும் போகும். நாணயங்களை விற்கும் வங்கிகள் அவற்றைத் திரும்ப வாங்குவதில்லை. பெட்டகத்தில் வைத்த பொருள் திருடு போனால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு என்ற வரம்புக்கு உட்பட்டது.

செலவைவிடப் பெரிய சிக்கல் வருமானம் பற்றியது. தங்கம் வட்டி ஈட்டுவதில்லை. மருந்துக்கும் வாடகைக்கும் பணம் வேண்டுமெனில் அதை அடகு வைக்க வேண்டும் அல்லது விற்க வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமோ, 2023 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட 8.2 சதவீத வட்டியை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வழங்குகிறது. அதன் முதலீட்டு வரம்பும் அப்போது ரூ.30 லட்சமாக இரட்டிப்பாக்கப்பட்டது.

விலைச் சரிவின் பாடம்

அண்மைக்கால விலையேற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் ஆபத்தானது. 1980 ஜனவரியில் அவுன்சுக்கு 850 டாலரைத் தொட்ட தங்கம், மீண்டும் அந்த நிலையை எட்ட 2008 வரை ஆனது. 2011-இல் 1,900 டாலரை எட்டி, 2015 இறுதியில் 1,050 டாலர் அளவுக்கு இறங்கியது. ரூபாயின் மதிப்புச் சரிவு இந்திய முதலீட்டாளரின் இழப்பை ஓரளவு தணித்தது என்பது உண்மையே. ஆனால் 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது உள்நாட்டு விலை உடனடியாகச் சரிந்தது. இளைஞர் காத்திருக்கலாம், அறுபதைக் கடந்தவருக்கு அந்த அவகாசம் இல்லை.

எவ்வளவு தங்கம் போதும் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் கையிருப்பு ஓர் ஒப்பீடாக அமையும். 2025 மார்ச் இறுதியில் அதனிடம் 879.58 டன் தங்கம் இருந்தது. அந்நியச் செலாவணிக் கையிருப்பில் அதன் பங்கு 11.7 சதவீதம். எஞ்சியவற்றில் பெரும்பகுதி வட்டி தரும் சொத்துகள்.

அரசின் பொறுப்பு

தேசிய ஓய்வூதியத் திட்ட நிதிகள், தங்க இடிஎஃப்களில் சிறு வரம்புக்குள் முதலீடு செய்ய 2025 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. வருங்கால வைப்பு நிதிச் சந்தாதாரருக்கு அவ்வழி இல்லை. அவர்களுக்கான குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் மாதம் ரூ.1,000 என நிர்ணயிக்கப்பட்டது. அதை உயர்த்தக் கோரும் குரல் நாடாளுமன்றத்தில் கட்சி வேறுபாடின்றிப் பலமுறை ஒலித்துள்ளது.

ஓய்வூதியம் போதாத நிலையில்தான் மக்கள் தங்கத்தை நாடுகின்றனர். தங்கப் பத்திரத்தைச் சுமை என நிறுத்திய அரசு, சிறு சேமிப்பாளருக்கு மட்டும் குறைந்த வரம்புடன் அதை மீண்டும் வழங்குவது பற்றிப் பரிசீலிக்கலாம். குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்துவதோ அதைவிட அவசரமானது. இரண்டையும் தள்ளிப்போட்டால், முதியவரின் சேமிப்பு பெட்டகத்தில் முடங்கும். தங்க இறக்குமதிச் செலவும் அரசைத் தொடர்ந்து அழுத்தும்.