சோம்பல் அல்ல, சுமை!

புற்றுநோயை வென்று வேலைக்குத் திரும்புகிறான் தொழிலாளி. கையிலிருந்த கருவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறான். பழகிய தோழனின் பெயர் நாவின் நுனிவரை வந்து நழுவுகிறது. உடனே கிளம்புகிறது ஏளனம்: “சோம்பேறி! சாக்குச் சொல்கிறான்!”

சாக்கா இது? கேட்கிறோம்!

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற அமெரிக்கப் பெண்கள் பல்லாண்டுக் காலம் இதையேதான் முறையிட்டனர். மூளையில் மூடுபனி படிந்ததுபோல் இருக்கிறது என்றனர். மனக்கவலை என்றனர் சிலர். வயதின் கோளாறு என்றனர் வேறு சிலர். நொந்தவர் சொல் அம்பலம் ஏறவில்லை!

2006-ல் லாஸ் ஏஞ்சலீசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேனியல் சில்வர்மன் குழுவினர், சிகிச்சை பெற்று 5 முதல் 10 ஆண்டுகள் கழிந்த பெண்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தனர். கண்டது என்ன? சிறு செய்தியொன்றை நினைவுகூரவும் அவர்களது மூளையின் முன்பகுதி மற்றவர்களைவிட மிகுதியாக உழைத்தது. ஆம், தோழர்களே! சோம்பிக் கிடக்கவில்லை அந்த மூளை, ஓவர்டைம் பார்த்தது!

2018-ல் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் மிச்செல் மோன்ஜி குழுவினர் எலிகளுக்கு மெத்தோட்ரெக்சேட் மருந்தைக் கொடுத்து ஆராய்ந்தனர். நரம்பிழைகளுக்கு மேலுறை போடும் செல்கள் ஒழுங்காக வளரவில்லை. மின்கம்பிக்கு உறை எப்படியோ, நரம்புக்கு அந்த உறை அப்படி. உறை கெட்டால் செய்தி ஓட்டமும் கெடும்.

எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. நேர்ந்தவரிலும் பலருக்குச் சில திங்களில் தெளிகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. மருந்து மட்டுமே காரணமும் அன்று. நோயும், இரத்தச் சோகையும், உறக்கமின்மையும் கூடிச் செய்யும் கேடு இது.

அதற்காக மருந்தை மறுப்பதா? கூடாது! உயிர் காக்கும் மருந்து அது. மறதி வந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். செய்ய வேண்டியதைக் குறித்து வையுங்கள். நாள்தோறும் நடங்கள்.

தலைமுடி உதிர்ந்தால் ஊரே இரங்குகிறது. நினைவு உதிர்ந்தால் ஊரே நகைக்கிறது. நியாயமா இது? மீண்டு வந்தவனுக்கு இலகுவான வேலை கொடு, சற்றே அவகாசம் கொடு என்று முதலாளியிடம் கேட்போம். பிச்சையாக அல்ல, உரிமையாக! அதற்கு முன், பக்கத்தில் நின்று வேலை செய்யும் நாம் அவனைப் பார்த்து நகைப்பதை நிறுத்துவோம்!