நரம்பை எடுத்த பிறகும் வலிக்குமா?

"நரம்பையே எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே அத்தை, அப்புறம் எப்படி வலிக்கும்?" மம்சாபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு மருமகள் போன வாரம் கேட்டாள். ராஜபாளையம் போய் வேர்ச் சிகிச்சை செய்துகொண்டு வந்த மறுநாள் அது. கைக்குழந்தைக்காரி, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மாமியாரோ, "பேசாமப் பிடுங்கிப் போட்டுடு" என்கிறார். பல் வைத்தியம் பார்க்கிற எனக்கு இது பழகிய கேள்விதான்.

எடுத்தது பல்லுக்குள் இருக்கிற நரம்பை. பல்லைத் தாடை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய சவ்வுக்கும் உணர்ச்சி உண்டு; அது அங்கேயேதான் இருக்கிறது. வேரின் குழாயைச் சுத்தம் செய்யும்போது அழுக்குத் துகள் துளி நுனி தாண்டிப் போனாலும் சவ்வு வீங்கிக்கொள்ளும். பல் உயர்ந்துவிட்டது போலத் தோன்றும், கடித்தால் வலிக்கும்.

அந்தக் குழாய் எத்தனை மெல்லிசு தெரியுமா? பத்தாம் நம்பர் ஊசியின் நுனி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்! 1838-ல் அமெரிக்காவில் எட்வர்ட் மேனார்ட் கடிகார ஸ்பிரிங்கிலிருந்து இப்படி ஒரு கருவி செய்தார் என்பார்கள். பிறகு எஃகு ஊசிகள் வந்தன. 1988-ல் நிக்கல்-டைட்டானியம் ஊசியைச் சோதித்துப் பார்த்தார்கள். அது வளைந்த வேரிலும் வளைந்து போகும். இப்போது மோட்டாரில் பூட்டியும் சுற்றுகிறார்கள்.

கருவியைவிட, அதைக் கையாளும் முறை முக்கியம். முதலில் மேல்பாகத்தை அகலப்படுத்தி, மருந்து நீரால் அலசி அலசி, பிறகு கீழே இறங்கினால் துகள் மேலே வந்துவிடும். நுனி வழியாகத் தள்ளப்படுவது குறையும். வேரின் நீளத்தை எக்ஸ்ரேயாலோ அளவு மெஷினாலோ பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான். "நீளம் அளந்தாச்சா டாக்டர்?" என்று நீங்களும் கேட்கலாம், தப்பில்லை.

சாதாரண வலி முதல் இரண்டு நாள் அதிகமாக இருந்து, பிறகு படிப்படியாகக் குறையும். அதுவரை:

• அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். இட்லி, குழைந்த சாதம் போதும்.

• வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளியுங்கள்.

• டாக்டர் சொன்ன வலி மாத்திரையை, சொன்ன அளவில் மட்டும் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

• ஈறில் கிராம்புத் தைலமோ மாத்திரைப் பொடியோ வைக்காதீர்கள், வெந்து புண்ணாகிவிடும்.

• கடைக்காரர் தரும் ஆன்டிபயாடிக்கை நீங்களாக விழுங்காதீர்கள். வெறும் வலிக்கு அது மருந்தல்ல.

வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், கன்னம் வீங்கினால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்று. வலி போனதும் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று பாதியில் நிறுத்துகிற பெண்கள்தான் அதிகம். பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் விசேஷம் என்று நாள் தள்ளிப்போகும். தற்காலிக அடைப்பு தேய்ந்து, கிருமி திரும்பவும் உள்ளே போய்விடும். அப்புறம் பல்லைப் பிடுங்க வேண்டிய நிலையும் வரலாம். நிரந்தரமாக அடைத்து, டாக்டர் சொன்னால் தொப்பியும் போட்ட பிறகுதான் சிகிச்சை முடிந்தது என்று கணக்கு.