குத்துமதிப்பில் கரையும் ஆட்டுக்காசு

கேள்வி: வெள்ளாட்டை வீட்டு வாசலிலேயே வியாபாரியிடம் விற்பது நல்லதா, சந்தைக்குக் கொண்டுபோவது நல்லதா? கறி விலை ஏறினாலும் ஆட்டு விலை ஏறுவதில்லையே, ஏன்?
(விளாத்திகுளம் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: எங்கே விற்பது என்பதைவிட, எடை தெரிந்து விற்பதா தெரியாமல் விற்பதா என்பதுதான் முக்கியம். நெல்லை மூட்டை எடை போடாமல் யாரும் விற்பதில்லை. பாலுக்கும் அளவு உண்டு. ஆடு மட்டும் பெரும்பாலான ஊர்களில் இன்னும் குத்துமதிப்பாகத்தான் கைமாறுகிறது. வியாபாரி முதுகைத் தடவி, இடுப்பை அழுத்திப் பார்த்து ஒரு தொகை சொல்வார். தினமும் பத்து உருப்படியைத் தூக்கிப் பார்ப்பவருக்குக் கையே தராசு. வருடத்துக்கு நாலு ஆடு விற்கும் குடும்பத்துக்கு அந்தப் பழக்கம் இருக்காது.

பட்டியிலிருந்து கறிக்கடை வரை ஓர் ஆடு பல கை மாறுகிறது. ஊர் வியாபாரி வாங்கி சந்தைக்குக் கொண்டுபோகிறார். எட்டயபுரத்தில் சனிக்கிழமை, மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை, அய்யலூரில் வியாழக்கிழமை, செஞ்சியில் வெள்ளிக்கிழமை என்று சந்தை கூடுகிறது. அங்கே தரகர் மூலம் மொத்த வியாபாரிக்குப் போய், பிறகு கறிக்கடைக்குப் போகிறது. வண்டி வாடகை, சந்தைச் சுங்கம், தரகு என ஒவ்வொரு கட்டத்திலும் செலவு உண்டு. வழியில் ஆடு செத்தாலோ, அன்று விலை போகாவிட்டாலோ நஷ்டம் வியாபாரிக்கு. அதனால் அவருக்கு லாபம் கிடைப்பது நியாயம்தான். எடை தெரியாததால் கூடுதலாகப் போகும் பணம்தான் விற்பவருக்கு நஷ்டம்.

ஒரு கணக்கு: உயிர் எடை கிலோ 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ கிடாவின் விலை 8,750 ரூபாய். அதையே 22 கிலோ என்று மதித்து விற்றால் கிடைப்பது 7,700 ரூபாய். மூன்று கிலோ தவறியதில் 1,050 ரூபாய் போய்விட்டது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அது ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு.

கறி விலையிலிருந்தும் கணக்குப் போடலாம். உயிர் எடையில் ஏறத்தாழ 45 முதல் 50 சதவிகிதம் கறியாகத் தேறும். 25 கிலோ ஆட்டில் 11 முதல் 12 கிலோ கறி. தலை, கால், குடல், ஈரல், ரத்தம், தோல் ஆகியவை கடைக்காரருக்குத் தனி வரவு. பக்கத்து ஊர்க் கடையில் அன்றைய கறி விலையைக் கேட்டு, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உயிர் எடைக் கிலோ விலை வருகிறதா என்று பார்த்தால், வியாபாரி கேட்கும் விலை எந்த அளவுக்குச் சரி என்பது புரியும்.

தராசு இல்லாத வீட்டில் தையல் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள் முனையிலிருந்து புட்டு எலும்பு வரை நீளம் ஓர் அளவு. இரண்டையும் அங்குலத்தில் எடுக்க வேண்டும். நெஞ்சளவை அதே நெஞ்சளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். நெஞ்சு 26, நீளம் 24 அங்குலம் என்றால் எடை ஏறக்குறைய 24.5 கிலோ. இது தோராயம்தான், சினை ஆட்டுக்குப் பொருந்தாது. காலையில் மேய்ச்சலுக்கு விடும் முன் அளப்பது நல்லது. வயிறு நிறையத் தண்ணீர் காட்டி எடை கூட்டினால் அடுத்த முறை அந்த வியாபாரி வரமாட்டார்.

நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு தொங்கு தராசு வாங்கி வைப்பது இன்னும் நல்லது. பத்துப் பதினைந்து உருப்படியை ஒரே நாளில், ஒரே இடத்தில் எடை போட்டுக் கொடுத்தால் வியாபாரிக்கு அலைச்சல் குறைகிறது; அதற்கேற்ப விலையும் கேட்கலாம். ஒற்றை ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகையும் ஒரு நாள் கூலியும் லாபத்தைத் தின்றுவிடும். பல வீட்டு ஆடுகளைச் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றினால்தான் சந்தை கட்டுப்படியாகும்.

விற்கும் நேரமும் விலையைத் தீர்மானிக்கிறது. புரட்டாசியில் கறி தின்போர் குறைவதால் விலை இறங்கும். ஆடி மாதக் கோயில் கொடைக்கும் தீபாவளிக்கும் கிடாவுக்குத் தேவை கூடும். பக்ரீத்துக்கு ஓராண்டு நிறைந்த, கண், காது, கால் குறையில்லாத கிடாவைத் தேடி வருவார்கள். பக்ரீத் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னதாக வரும். வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். பண்டிகைக்கு 17, 18 மாதம் முன்பே பெட்டையைக் கிடாவுடன் சேர்த்தால்தான் அந்தச் சமயத்தில் குட்டிக்கு வயது நிறைந்திருக்கும்.

அவசரத்துக்கு விற்பதில்தான் அதிக நஷ்டம். மருத்துவச் செலவு வந்ததும் நாலு மாதக் குட்டியைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு ஏறும் எடை முழுவதும் வாங்கியவருக்குப் போகிறது. இதைத் தவிர்க்க, ஆடு விற்ற பணத்தில் ஒரு பங்கை மகளிர் சுய உதவிக் குழுவில் சேமித்து வரலாம். அவசரச் செலவுக்கு அந்தக் கையிருப்பு உதவும். குட்டி பட்டியிலேயே வளரும். மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கம் செய்வதும் விலையைக் காப்பதுதான். நோய் பரவும்போது ஊரே ஒரே நேரத்தில் விற்க நிற்கும். அப்போது வியாபாரி வைத்ததுதான் விலை.

அடுத்த முறை வியாபாரி வாசலில் வந்து நிற்கும்போது, முதலில் எடையைச் சொல்லி, பிறகு விலையைக் கேட்கலாம். டேப் அளவு எடுப்பதில் சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளலாம்.