ஒரு கிருமி, இரண்டு ஐதராபாத்

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் ஓர் ஐதராபாத் இருக்கிறது. 2016 நவம்பரில் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு வந்த டைபாய்டு, செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டும் இறங்கவில்லை. நம்மூர் மருத்துவமனைகளிலும் டைபாய்டு என்றால் டாக்டர்கள் பெரிதும் நம்புவது அதே ஊசியைத்தான். கராச்சி ஆகா கான் பல்கலைக்கழக மருத்துவர்கள் கிருமியை ரத்தத்திலிருந்து பிரித்து வளர்த்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோ-டிரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின், செஃப்ட்ரியாக்சோன் என ஐந்துக்கும் அது தண்ணி காட்டியது. மாத்திரையாகக் கொடுக்க மிஞ்சியது அசித்ரோமைசின் மட்டுமே.

இந்த வல்லமை அதற்கு எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் வெல்கம் சாங்கர் ஆய்வு நிறுவனம் கிருமியின் மரபணுவைப் படித்து 2018இல் விடை சொன்னது. குடலில் வாழும் ஈ-கோலை போன்ற இன்னொரு பாக்டீரியாவிடமிருந்து, மருந்தை முறிக்கும் மரபணுத் துண்டு ஒன்றை டைபாய்டுக் கிருமி அப்படியே வாங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் சிந்து மாகாணத்தில் பதிவான நோயாளிகள் 5,274 பேர். அவர்களில் பெரும்பாலோர் கராச்சிக்காரர்கள்.

மருந்துக்கு அடங்காதது கிருமியின் சாமர்த்தியம். ஆனால் வீடு வீடாக அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, கழிவுநீர் கலந்த குடிநீர் என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். ஐதராபாத்தில் முதலில் அடிபட்டவை லத்தீபாபாத், காசிமாபாத் என்ற இரண்டு பகுதிகள்.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது? குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடினால், விரிசல் இருந்தாலும் உள்ளிருக்கும் அழுத்தம் வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாது. ஒரு மணி நேரம் விட்டு நிறுத்தும் ஊர்களில், தண்ணீர் நின்றதும் அழுத்தம் போய்விடும். பக்கத்தில் ஓடும் சாக்கடைக் குழாயிலிருந்து கசிவது அப்போது விரிசல் வழியே உள்ளே வரும். போதாக்குறைக்கு, வேகம் பத்தவில்லை என்று குடிநீர்க் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இழுப்பில் தெருவுக்கே சாக்கடை வந்து சேரலாம்.

2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் சிலருக்குக் காலரா உறுதியானது. புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டன. அங்கேயும் முதல் சந்தேகம் குடிநீர்க் குழாய் மேல்தான் விழுந்தது.

காலரா சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். டைபாய்டு அப்படியல்ல, உடம்புக்குள் போன கிருமி காய்ச்சலாக வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் எந்தக் கல்யாணப் பந்தியில் எந்தத் தண்ணீரைக் குடித்தோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்? டைபாய்டுக் கிருமிக்கு மனித உடம்பைத் தவிர வேறு இருப்பிடம் கிடையாது. குணமானவர்களில் சிலரின் பித்தப்பையில் அது ஆண்டுக்கணக்கில் தங்கி, மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவர் கக்கூஸ் போய்விட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சட்னி அரைத்தால், அதைச் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும்.

இங்கே காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் ‘வைடால் டெஸ்ட்’ எழுதிக் கொடுப்பது வழக்கம். 1896இல் வந்த முறை அது. பழைய தொற்றையும் வேறு காய்ச்சல்களையும்கூட டைபாய்டு என்று காட்டிவிடும். நம்பகமானது, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துச் செய்யும் கல்ச்சர் பரிசோதனை. எந்த மருந்து கேட்கும் என்பதையும் அதுதான் சொல்லும். மெடிக்கல் ஷாப்பில் தாமாக மாத்திரை வாங்கி, நாலு வேளை போட்டு நிறுத்துகிறவர்கள் அந்தப் பரிசோதனையையும் கெடுக்கிறார்கள். கிருமிக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள்.

சிந்து ஐதராபாத்துக்கு உதவி வந்தது நம் ஐதராபாத்திலிருந்து. அங்குள்ள பாரத் பயோடெக் தயாரித்த டைபாய்டு தடுப்பூசிக்கு 2017 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் தகுதிச் சான்று அளித்தது. ஆறு மாதக் குழந்தைக்கே போடக்கூடிய ஊசி அது. 2018இல் லத்தீபாபாத், காசிமாபாத் பகுதிகளில் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகளுக்குப் போட்டார்கள். மருந்துக்கு அடங்காத அந்த டைபாய்டையும் அது 90 சதவீதத்துக்கு மேல் தடுத்தது. 2019 நவம்பரில், இந்த ஊசியை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடானது பாகிஸ்தான். இந்தியாவில் நவி மும்பை மாநகராட்சி 2018இலேயே குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது.

ஆனால் டைபாய்டு ஊசி காலராவைத் தடுக்காது. ஷிகெல்லாவையோ ஈ-கோலையையோ தடுக்காது. அவை வருவதும் அதே வழியில்தான். தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் இந்தக் கிருமிகள் சாகும். சூடு பண்ணி இறக்கிய வெதுவெதுப்பு போதாது. கொதித்ததை அதே பாத்திரத்திலேயே மூடி வைத்து ஆறவிட வேண்டும். வெளியே சாப்பிடும்போது ஜூஸில் மிதக்கும் ஐஸையும், ஈ மொய்க்க நறுக்கி வைத்த பழத்தையும் தவிர்க்கலாம். வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டால் உடனே ஓஆர்எஸ். பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, அது கைவைத்தியத்துக்கான நேரமல்ல.

தெருவில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சுகாதார ஆய்வாளர்களிடம் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவி இருக்கும். பிடித்த தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாறும். மாறவில்லையென்றால் குளோரின் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே பார்த்துவிட்டுப் போனால் போதாது. கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் பார்க்கச் சொல்லி, அந்தத் தெருக்காரர்கள் கேட்கலாம்.