ஓசி மரம்தானே என்று தூக்கி வராதீர்கள்!

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால்கூட, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, காம்புக்குப் பக்கத்தில் ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துத்தான் தராசில் போடுகிறோம். அப்படிப்பட்ட நான், முன்பின் பார்க்காமல் ஒரு மரச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்துவிட்டுப் பட்ட அவஸ்தையை எழுதுகிறேன். சகோதரிகள் யாருக்காவது பயன்படட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மாடம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அரிசி மூட்டையையும் டி.வி.யையும் கட்டில் மேல் ஏற்றி வைத்தோம். ஆனால், தவணையில் வாங்கிய புத்தக அலமாரியும், என் பையன் படிக்கிற மேஜையும் நீரில் ஊறி, புளித்த இட்லி மாவு மாதிரி உப்பிப் போயின. தொட்டால் தூள் தூளாக உதிர்ந்தது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதே தண்ணீரில் கிடந்த என் மாமியாரின் பழைய மணைப்பலகை, நாலு நாள் வெயிலில் காய்ந்ததும் பழையபடி ஜம்மென்று ஆகிவிட்டது. “மரம்னா அது மரம்” என்றார் மாமியார்.

புது மேஜை வாங்கக் கையில் காசு இல்லை. அப்போதுதான் பேலட் என் கண்ணில் பட்டது. டைல்ஸ் கடையில், லாரியிலிருந்து இறக்கிய சரக்குக்கு அடியில், இடைவெளி விட்டுப் பலகை அடித்த ஒரு சட்டம் இருக்குமே, அதுதான் பேலட். சரக்கு தூக்கும் வண்டியின் இரண்டு இரும்புக் கைகளும் நுழைவதற்கு அடியில் இடம் விட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. வண்டலூர் தாண்டி ஒரகடம் வரை தொழிற்சாலைகள். சரக்கு வந்து இறங்கியதும் பாதிச் சட்டங்கள் சுவரோரம் மழையில் கிடக்கும். போகி வந்தால் நெருப்பில் போகும்.

அப்படி ஒரு கிடங்கின் வெளியே கிடந்ததைத் தெரிந்த ஆட்டோக்காரரைக் கெஞ்சி ஏற்றி வந்தேன். “குப்பையைக் கிளறி மரம் பொறுக்கணும்னு நமக்கு என்னம்மா தலையெழுத்து?” என்று மாமியார் முணுமுணுத்தார். “நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?” என்றார் என் கணவர். நான் கேட்கவில்லை. என் அப்பா வீட்டில் சுத்தியலும் ரம்பமும் பிடித்துப் பழக்கம். மூன்று நாள் மல்லுக்கட்டி, பையன் தரையில் உட்கார்ந்து எழுத ஒரு சாய்வு மேஜை செய்துவிட்டேன். எனக்கு ஒரே பெருமை.

ஒரு பலகையில் மட்டும் கருப்பாகத் திட்டு இருந்தது. லேசாக மருந்து வாடையும் அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன், சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரமே பையனுக்கு இரண்டு இரவு மூச்சிரைப்பு. டாக்டரிடம் ஓடினோம். “தூசியாகவும் இருக்கலாம், பனியாகவும் இருக்கலாம்” என்றார். மேஜையால்தான் வந்தது என்று நானும் சொல்லவில்லை. ஆனால், பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்தான். பாரிமுனையில் சரக்கு ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்க்கிறான். மேஜையைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல குத்தியிருக்கிற முத்திரையைப் பாத்தியா?” என்றான். அதைக் கம்பெனி பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவன் விளக்கிச் சொன்னது இதுதான். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சரக்கு போகும்போது, அடியில் உள்ள மரத்துக்குள் இருக்கும் வண்டும் புழுவும் கூடவே போய்விடுகின்றன. சீனாவிலிருந்து பேக்கிங் மரத்தில் வந்ததாகக் கருதப்படும் ஒரு வண்டு, 1996-ல் அமெரிக்காவின் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பரவ விடாமல் தடுக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. 2002-ல் உலக நாடுகளுக்குப் பொதுவாக ஒரு விதி வந்தது. வெளிநாடு போகும் மரப் பேக்கிங்கில் பூச்சி இல்லாதபடி செய்து, அதற்கு அடையாளமாக முத்திரை குத்த வேண்டும். கட்டத்துக்குள் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்தில் நாட்டின் எழுத்து இருக்கும். நம் நாட்டுக்கு ஐ.என்.

அதற்கடுத்த எழுத்துதான் முக்கியம். எச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறும்படி 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மருந்து கிடையாது, வெறும் சூடுதான். எம்.பி. என்றிருந்தால், மெதில் புரோமைடு என்ற விஷவாயுவில் வைத்திருக்கிறார்கள். நிறமும் கிடையாது, வாடையும் அநேகமாகத் தெரியாது. மூச்சில் போனால் நுரையீரலையும் நரம்பையும் தாக்கக்கூடியது. “அந்த வாயு மரத்துல ரொம்ப நாள் தங்காதுன்றாங்க. ஆனா குழந்தை படிக்கிற மேஜைக்கு அது எதுக்குக்கா?” என்றான். எங்கள் மேஜையில் இருந்தது எம்.பி.

“எச்.டி. இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துடாத. முத்திரை பூச்சியைப் பத்தி மட்டும்தான் சொல்லும். அதுக்கப்புறம் அது மேல எந்த டிரம் ஒழுகுச்சு, என்ன கொட்டுச்சுன்னு சொல்லாது. கறை இருக்கா, வாடை அடிக்குதான்னு நீதான் பாக்கணும்” என்று அவன் சொன்னது என் நெற்றியில் அடித்தாற்போல் இருந்தது. கறையையும் பார்த்தேன், வாடையையும் மோந்தேன். ஓசியில் கிடைத்த ஆசையில் இரண்டையும் சோப்புப் போட்டு மறைத்துவிட்டேன்!

“அப்போ வெந்நீர் அடுப்புக்காவது ஆகுமே” என்று மாமியார் ஆரம்பித்தார். “ஐயோ வேணாம் அத்தை, எரிச்சா அந்தப் புகையைத்தான் எல்லாரும் சுவாசிக்கணும்” என்று தம்பி தடுத்தான். மறுநாள் குப்பை வண்டிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லியே கொடுத்தேன். மூன்று நாள் உழைப்பு வண்டியில் போனபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதோடு விட்டிருப்பேன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து டைல்ஸ் கடைக்கே நேராகப் போய், “அண்ணே, இந்தக் கட்டையில ஒண்ணு தருவீங்களா? இதுல என்ன வந்தது?” என்று கேட்டேன். டைல்ஸ் தவிர வேறெதுவும் வரவில்லை என்றார். முத்திரை பார்த்தேன், மோந்து பார்த்தேன், வெயிலில் நிறுத்திக் கறை பார்த்தேன். 100 ரூபாய் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன். இன்று எங்கள் வீட்டில் பையனின் மேஜை, செருப்பு ஸ்டாண்டு, சுவர் அலமாரி எல்லாம் அந்தக் கடை மரம்தான். “இதெல்லாம் என் மருமகளே பண்ணினது” என்று வருகிறவர்களிடம் மாமியாரே காட்டுகிறார்!

செய்து பார்க்க நினைக்கும் சகோதரிகளுக்கு, நான் அடிபட்டுக் கற்ற சில விஷயங்கள். கேட்காமல் எடுக்காதீர்கள். வெளியே கிடப்பதெல்லாம் வேண்டாதது என்று அர்த்தமில்லை. நீல வண்ணம் அடித்த பேலட்டுகள் பெரும்பாலும் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் சொத்து. திரும்பப் போக வேண்டியவை. முத்திரையே இல்லாதது உள்ளூர்ச் சரக்குக்குச் செய்ததாக இருக்கும்; அதில் என்ன வந்தது என்று விசாரிக்காமல் தொடாதீர்கள். மருந்து, உரம், எண்ணெய் வந்தது என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பேலட் ஆணி முறுக்கு ஆணி. நெம்பினால் ஆணி வராது, பலகைதான் பிளக்கும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் ஹேக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிட்டால் பலகை முழுசாக வரும். வெறுங்காலோடு வேலை செய்யாதீர்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால் உடனே போய் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். மெல்லிய மாவு மாதிரித் தூள் கொட்டினால் உளுத்த மரம். வீட்டுக்குள் விட்டால் மற்ற சாமானையும் கெடுக்கும். எச்.டி. மரமாக இருந்தாலும் காய் நறுக்கும் பலகை, சப்பாத்திக் கட்டை செய்ய வேண்டாம். சாப்பாடு படுகிற இடத்துக்கு இந்த மரம் வேண்டவே வேண்டாம்.

கடைக்காரர்களுக்கும் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாசலில் போடும்போது, நல்ல கட்டையை ஒரு பக்கமும் மருந்து, எண்ணெய் பட்டதை ஒரு பக்கமும் பிரித்து வைத்தால் என்ன? ஒரு சாக்பீஸ் போதும், ‘டைல்ஸ் வந்தது’ என்று எழுதி வைக்க. அதை எடுத்துப் போய் அடுப்பெரிக்கும் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பழைய மரத்தை எடுத்துப் பயன்படுத்துவது கேவலமே இல்லை. எங்கள் பாட்டி வீட்டில் தேயிலை வந்த பெட்டியில்தான் பழைய துணியெல்லாம் இருக்கும்; அதற்காக யாரும் பாட்டியைக் குறைவாக நினைக்கவில்லை. வெட்கப்பட வேண்டியது பொறுக்குவதற்கு அல்ல, பார்க்காமல் பொறுக்குவதற்குத்தான். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்ட என் கணவர், நாலு எழுத்தைப் படித்துப் பார்த்தாயா என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், என் பிள்ளையை அந்த மேஜையில் உட்கார வைத்திருக்க மாட்டேன்.

பத்தாவது வரைதான் படித்தேன் என்று நானும் அந்த முத்திரையைப் பார்த்து ஒதுங்கிப் போனவள்தான். கட்டத்துக்குள் இருப்பது நாலைந்து எழுத்து. கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கும் கைக்கு அது பெரிய காரியமா, சொல்லுங்கள்?

— ஒரு வாசகி, மாடம்பாக்கம்.