உபரித் தோட்டா: நட்டத்தை எங்கே தேடுவது?

உபரி வெடிபொருளைக் கழிக்கும் பேச்சு எழுந்தாலே, விற்றால் எவ்வளவு வரும் என்பதுதான் நிதிப் பிரிவின் முதல் கேள்வி. நல்ல விலை வரட்டும் என்று கோப்பு காத்திருக்கும். ஓராண்டு ஐந்தாண்டாகும், ஐந்து இருபதாகும். அதுவரை காவல், கட்டடம், தீயணைப்பு, சோதனை, எண்ணிக்கை எடுப்பது என்று செலவு மட்டும் மாதம் தவறாமல் நடக்கும். விற்பனை விலை குறைந்ததால் நட்டப்பட்ட கிடங்குகளைவிட, முடிவெடுக்காமல் வைத்திருந்து நட்டப்பட்ட கிடங்குகளே அதிகம் என்பது இந்த இதழின் உறுதியான கருத்து. இதை அல்பேனியாவைப் போல் தெளிவாகக் காட்டும் நாடு வேறில்லை.

என்வர் ஹோஜாவின் ஆட்சியில், 1978இல் முறியும்வரை சீனாவின் நட்பிலும் அதன்பின் தனித்தும், அந்தச் சின்ன நாடு போருக்கென்று தோட்டாவையும் குண்டையும் குவித்தது. அந்தப் போர் வரவே இல்லை. 1997இல் நிதி மோசடித் திட்டங்கள் சரிந்து மக்கள் தெருவுக்கு வந்தபோது கிடங்குகள் உடைக்கப்பட்டு, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் சூறையாடப்பட்டன. கழிக்காமல் வைத்த சரக்கு யார் கைக்குப் போகும் என்பதற்கு அதுவே முதல் எச்சரிக்கை. நேட்டோவில் சேர ஆயத்தமான காலத்தில், மீந்த சரக்கை அழிக்க நேச நாடுகள் பணம் கொடுத்தன. அதே வேளையில், அழிப்பானேன், விற்றால் காசாகுமே என்ற எண்ணமும் அரசுக்குள் வலுத்தது.

2007இல் ஆப்கானியப் படைகளுக்குத் தோட்டா வழங்க, மயாமி பீச்சில் இருந்த ஏஇஒய் என்ற சிறு நிறுவனத்துக்கு அமெரிக்க ராணுவம் சுமார் 30 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. அந்த நிறுவனம் அல்பேனியாவின் 7.62×39 தோட்டாக்களைத் தேடி வந்தது. 2008 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தியின்படி, அல்பேனிய அரசின் ஏற்றுமதி நிறுவனம் ஆயிரம் தோட்டாவை 22 டாலருக்கு சைப்ரசில் பதிவான ஓர் இடைநிறுவனத்துக்கு விற்றது. அது ஏஇஒய்க்கு 40 டாலருக்குக் கைமாற்றியது.

இந்த இரண்டு எண்களையும் நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். தோட்டா ஒன்று ஏறத்தாழ 16 கிராம். பெட்டி நீங்கலாக ஒரு டன்னுக்கு 60,000 தோட்டா. அரசுக்குக் கிடைத்தது டன்னுக்குச் சுமார் 1,300 டாலர். இடையில் நின்றவருக்குப் போனது 1,100 டாலர். நாற்பது ஆண்டு காவல் காத்த அரசின் பங்கும், ஒரு கையெழுத்தோடு விலகிக்கொண்ட தரகரின் பங்கும் கிட்டத்தட்டச் சமம். விலை குறைந்ததற்குத் தோட்டாவின் வயது ஒரு காரணம்தான். வாங்குபவரை நேரில் தேடாததும், காகிதம் சுத்தமாக இல்லாததும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

காகிதத்தின் சிக்கல் இது. அந்தத் தோட்டாக்களில் பெரும்பகுதி 1960களில் சீனாவில் செய்தவை. சீன ராணுவ நிறுவனங்களின் சரக்கை வாங்க அமெரிக்க விதி இடம் தரவில்லை. ஆகவே மரப்பெட்டிகளை உடைத்து, சாலிடர் வைத்து மூடிய தகரப் பெட்டிகளை வெட்டித் திறந்து, தோட்டாக்களைக் கொட்டி அட்டைப்பெட்டியில் கட்டினார்கள். நம் தொழிலில் இருப்பவர் எவரும் அந்தக் காட்சியை நினைத்தாலே பதறுவார். லாட் எண், ஆண்டு, உந்துமருந்தின் விவரம் எல்லாம் அந்தப் பெட்டியின் மேல்தான் இருந்தன. காற்றுப் புகாத தகரம்தான் அத்தனை ஆண்டும் சரக்கைக் காத்தது. தோட்டாவின் அடியில் ஆலை எண்ணும் ஆண்டும் பொறித்திருக்கும். ஆனால் வெவ்வேறு லாட் கலந்துவிட்டால் எந்தச் சோதனை முடிவு எந்தத் தோட்டாவுக்கு என்று சொல்லவே முடியாது. கட்டோடு சேர்த்துத்தான் ஆபத்து வகை ஒப்புதல் தரப்படுகிறது. கட்டு போனால் 1.4எஸ் என்ற சலுகை வகையும், அதனால் மலிவான கப்பல் கூலியும் போகும். இந்தச் சீனத் தோட்டா வழக்கில் ஏஇஒய் நிறுவனத்தின் தலைவர் எஃப்ரைம் டிவெரோலி 2009இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2011இல் நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

அல்பேனியா தந்த பெரிய விலை அந்த வழக்கில் வெளிவந்ததல்ல. 2008 மார்ச் 15 அன்று தலைநகர் டிரானாவுக்கு அருகே கெர்தெட்ச் கிராமத்தில், பழைய குண்டுகளைப் பிரித்துப் பித்தளையையும் உந்துமருந்தையும் எடுத்த இடம் வெடித்தது. 26 பேர் இறந்தார்கள், அவர்களில் 7 வயதுச் சிறுவன் ஒருவனும் உண்டு. சுமார் 300 பேர் காயமுற்றார்கள், நூற்றுக்கணக்கான வீடுகள் தரைமட்டமாயின. பாதுகாப்பு அமைச்சர் பதவி விலகினார். அங்கே குண்டைப் பிரித்தவர்கள் போதிய பயிற்சி இல்லாத கிராமத்து மக்கள். உபரியிலிருந்து கடைசிக் காசையும் கறந்துவிட வேண்டும் என்ற ஆசை பாதுகாப்பு விதியை மீறும்போது, அதன் கணக்கை ஊர் மக்கள் தீர்க்கிறார்கள்.

காத்திருப்பவருக்கு எதிராக வேதியியலும் நிற்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் உந்துமருந்து தானாகச் சிதைவது. டைபீனைலமைன் போன்ற நிலைப்படுத்தி அதைத் தடுத்துக்கொண்டே தானும் தீர்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் சிதைவு ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது நம் துறையின் பழைய கணக்கு. நல்ல கூரையும் காற்றோட்டமும் இல்லாத கிடங்கில் சரக்கு நாட்காட்டியைவிட வேகமாக மூப்படைகிறது. சைப்ரசில் 98 கன்டெய்னர் பறிமுதல் வெடிபொருள் 2009 முதல் வெட்டவெளியில் வெயிலில் கிடந்து, 2011 ஜூலை 11 அன்று வெடித்து 13 உயிர்களைக் கொண்டுபோனது. பக்கத்தில் இருந்த, தீவின் மிகப் பெரிய மின்நிலையமும் முடங்கியது.

2022க்குப் பிறகு நிலைமை மாறவில்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். உக்ரைன் போரால் சோவியத் காலத்து 122, 152 மி.மீ. குண்டுகளுக்குத் தேடி வந்து கேட்கும் நிலை உண்டானது. ஆனால் அவசரத்தில் இருக்கும் நேர்மையான அரசும் லாட் பதிவையும் அண்மைச் சோதனைச் சான்றையும் கேட்காமல் வாங்காது. அந்த இரண்டும் உள்ள கிடங்குக்குத்தான் சந்தை ஏறும்போது பலன். போரை எதிர்பார்த்துச் சரக்கை முடக்குவது நிர்வாகமும் ஆகாது, அறமும் ஆகாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? எல்லாவற்றுக்கும் முன், சரக்கை லாட் வாரியாகப் பிரித்து நிலைப்படுத்தியைச் சோதியுங்கள். தேறாத லாட்டுக்கு விற்பனைப் பேச்சே கூடாது. அது நேரே அழிப்புக்குப் போக வேண்டும்.

தேறிய சிறுரகத் தோட்டாவை, அதே அளவு துப்பாக்கி நம் படையிலேயே இருந்தால், பயிற்சிக்குக் கொடுங்கள். நட்டத்தைக் குறைக்கும் வழிகளில் இதற்கு இணையானது இல்லை. வெளியே விற்ற அல்பேனியாவுக்கு ஒரு தோட்டாவுக்குக் கிடைத்தது இரண்டு சென்ட். பயிற்சியில் சுட்டால் ஒரு புதுத் தோட்டா வாங்கும் செலவு மிச்சம். பழைய ப்ரைமரின் உப்பு குழலை அரிக்கும் என்பதால் சுட்ட அன்றே குழலைக் கழுவும் ஒழுங்கு மட்டும் கட்டாயம்.

விற்பதானால் அரசுக்கு அரசாக, மூலக்கட்டைக் கலைக்காமல், இறுதிப் பயனர் சான்றிதழை அந்த நாட்டு அதிகாரியிடமே கேட்டு உறுதிசெய்த பின் விற்க வேண்டும். அனுப்பிய பின் போய்ச் சேர்ந்ததைச் சரிபார்க்கும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பழைய உலோக விலையை வைத்து அழிப்புச் செலவை ஈடுகட்டிவிடலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். 70 பங்கு செம்பு உள்ள பித்தளைக் கூட்டுக்கு விலை உண்டு. செம்பு பூசிய எஃகுக் கூட்டுக்கு இரும்பு விலைதான். வெடிமருந்து எச்சம் இல்லை என்று சான்றளிக்காத ஒரு கூடும் வாயிலைத் தாண்டக் கூடாது.

இறுதியாக, நிதிப் பிரிவோடு பேசும் முறையை மாற்றுவோம். விற்பனை விலையை வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் எந்த விற்பனையும் நட்டமாகத்தான் தெரியும், எந்த அதிகாரியும் கையெழுத்திட அஞ்சுவார். விற்பனை விலையோடு, இனி வைத்திருந்தால் ஆகும் செலவையும் தவிர்க்கும் அழிப்புச் செலவையும் சேர்த்துக் காட்டுங்கள். பயன்பாட்டில் இல்லாத ஒவ்வொரு லாட்டுக்கும் வயது, கடைசிச் சோதனை நாள், ஆண்டுப் பராமரிப்புச் செலவு, தீர்மானத்துக்கான கெடு ஆகிய நான்கும் இந்த நிதியாண்டு அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும். கெடு தாண்டிய லாட்டுக்குப் பொறுப்பானவர் பெயர் அதன் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். குறைந்த விலைக்கு விற்றவரைக் கேள்வி கேட்கும் தணிக்கை, விற்காமலும் அழிக்காமலும் விட்டவரையும் அதே கண்டிப்போடு கேட்கட்டும்.